உறைக்குள் பதினைந்து வெள்ளி

1995இல் ரயில் பூன் லேயோடு முடிந்துவிடும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே ஏறினால் உட்கார இடம் நிச்சயம். பூகிஸில் இறங்கி, ரோச்சோர் கால்வாயைத் தாண்டித் தேக்காவுக்கு நடப்பேன். லிட்டில் இந்தியாவுக்கென்று ஒரு நிலையம் வர இன்னும் எட்டு வருடம் இருந்தது. எனக்கு வயது பதினைந்து. பஃபலோ ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், கடைப் பலகை எழுதும் பெரியவர் ஒருவரிடம் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்.

முதல் நாலு வாரம் தூரிகையைத் தொட விடவில்லை. உப்புத்தாள் போட்டுப் பலகை தேய்ப்பது, சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்கோடு விழவைப்பது, டர்பன்டைனில் தூரிகை கழுவுவது, இவ்வளவுதான். ஐந்தாவது வாரம் 'ழ' எழுதச் சொன்னார். நாற்பது எழுதினேன். நாற்பதையும் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் எலி வாலு வச்சிருக்கே" என்றார். சாயங்காலம் ஒரு தட்டு மீ கோரெங், ஒரு பழுப்பு உறை. உறைமேல் அவர் கையெழுத்தில் என் பெயர். உள்ளே 15 வெள்ளி.

ஒரு வாரம் 12 வெள்ளிதான் இருந்தது. சிவப்புச் சாயத்தில் எதையோ கலந்து ஒரு டப்பாவைப் பாழாக்கியிருந்தேன். அதற்கு மூன்று வெள்ளி. இன்றைய சட்டப்படி அப்படி எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்ள முடியாது; என்னிடம் முதலில் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் ரயிலில் திரும்பி வரும்போது அந்த மூன்று வெள்ளியைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளி ஓவிய வகுப்பில் எத்தனையோ சாயத்தைக் கெடுத்திருக்கிறேன். அதற்கு விலை உண்டு என்று யாரும் சொன்னதில்லை. என் கை செய்வது நல்லதானாலும் கெட்டதானாலும் அதற்கொரு விலை இருக்கிறது என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

முப்பது வருடம் ஆகிவிட்டது. பூன் லே வீட்டின் வரவேற்பறையில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். கடைப் பலகை, சாப்பாட்டுக் கடைப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, மேடைப் பின்திரை, நடுநடுவே யாராவது உடைத்துவிட்ட தமிழ் எழுத்தைச் சரிசெய்து கொடுப்பது என்று என் பிழைப்பு ஓடுகிறது. வருடத்தில் ஆறு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய, மூன்று பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 11 வெள்ளி. நாளைக்கு நாலு மணி நேரம், வாரத்தில் நாலு நாள். ஒருவருக்கு வாரம் 176 வெள்ளி. எனக்கு அது சின்னத் தொகை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பையன் கிடைத்தது வரிசையில். பூன் லே பிளேஸ் உணவங்காடியில் நாசி லெமாக் வாங்க ராத்திரியில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிதானமாகப் பேசிப் பழக நேரம் கிடைக்கும். எனக்கு முன்னால் நின்ற மலாய்ப் பையன் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் எழுத்து வரைந்துகொண்டிருந்தான். வரைந்தது 'லெமாக்' என்கிற சொல்லைத்தான். ஆனால் அந்தக் கடைசி எழுத்தின் காலை அவன் இழுத்துவிட்ட விதத்தைப் பார்த்து நான் வரிசையில் முன்னே நகர மறந்துவிட்டேன். பின்னால் நின்றவர் முதுகைத் தட்டினார். பையனுக்கு வயது பதினாறு. விடுமுறையில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "ஜூரோங் பாயிண்ட், அங்கிள். பர்கர்."

அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. பர்கர் கடை நேரத்துக்கு வரச் சொல்லித் தரும், சம்பளமும் ஒழுங்காக வரும். ஓ லெவல் எழுதி முடித்துவிட்டு ஜனவரி முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பாதிப் பேர் ஏதாவது ஒரு கல்லாப்பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். என் கேள்வி வேறு. எழுத்து வரையத் தெரிந்த பையனுக்கு எழுத்து வரைகிற வேலை ஏன் கிடைப்பதில்லை? கேக் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு பேக்கரியில் இடம் கிடைக்கிறது. வரைகிற, வெட்டி ஒட்டுகிற, பாட்டுக்கு இசை கோக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது போட்டி. போட்டியில் மூன்று பேருக்குப் பரிசு, மற்ற எல்லோருக்கும் சான்றிதழ்.

சிங்கப்பூர் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். தேசியக் கலைகள் மன்றம் 2005இல் 'நாய்ஸ் சிங்கப்பூர்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. (தமிழில் எழுதினால் ஒரு நாய் வந்து உட்கார்ந்துகொள்கிறது, என்ன செய்ய.) அதில் இளையர்களை அனுபவமுள்ள ஓவியர், புகைப்படக்காரர், இசைக் கலைஞர்களோடு சேர்த்துவிடும் ஒரு பயிற்சிப் பிரிவு இருந்தது. சோமர்செட்டில் இளையர்களுக்கென்று ஸ்கேப் இருக்கிறது. பணம் உள்ள வீடோ இல்லாத வீடோ, திறமை இருந்தால் கலைப் பள்ளியான சோட்டாவுக்கு முயன்று பார்க்கலாம். அது 2008இலிருந்து இருக்கிறது. ஆனால் பூன் லேயிலிருந்து ஆர்ச்சர்ட் போய்வர ஒன்றரை மணி நேரம், பேருந்துக் காசு, கூடவே அங்கே போனால் எல்லோரும் வாங்குகிற ஏழு வெள்ளிப் பானம். வழிகாட்டி இலவசம் என்றாலும் வழி இலவசமில்லை.

எங்கள் பேட்டையிலேயே ஓர் இடம் இருக்கிறது, பூன் லே டிரைவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில். 'தக் தாக்குட் கிட்ஸ் கிளப்' என்று பெயர். 'தக் தாக்குட்' என்றால் மலாயில் 'பயமில்லை'. கலை நிகழ்ச்சித் தயாரிப்பிலிருந்து சமூகப் பணிக்கு வந்த லின் ஷியுன் தொடங்கிய '3பம்ப்கின்ஸ்' அமைப்பு அதை நடத்துகிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தாமாக வருவார்கள், போவார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். ஒரு பிள்ளை அட்டையை வெட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும், பெரியவர் யாராவது தரையில் உட்கார்ந்திருப்பார். பெரியவர்கள் தரையில் உட்காரும் இடத்தில் பிள்ளைகள் பேசுவார்கள். அந்த வயதுக்கு அது போதும். பதினைந்து, பதினாறு வயதில் தேவை வேறு. கையில் காசு வேண்டும், தான் செய்ததை அந்நியர் ஒருவர் விலை கொடுத்து வாங்கிப்போவதைப் பார்க்க வேண்டும்.

இதை எனக்கு முன்பே யோசித்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1991இல் சூசன் ரோஜர்சன் என்ற ஓவியர் ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து பெரிய ஓவியம் ஒன்று செய்தார். வேலை முடிந்தது, பிள்ளைகள் போகவில்லை. ஆறு பேர் அவருடைய ஓவியக்கூடத்துக்குத் தொடர்ந்து வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹியூமானிட்டி'. பள்ளி விட்டதும் பதின்ம வயதினர் வருவார்கள்; தொழில்முறைக் கலைஞர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள்; மணிக் கணக்கில் சம்பளம். நிறுவனங்களிடமிருந்து உண்மையான ஆர்டர் வரும்: சுவரோவியம், வடிவமைப்பு, சிற்பம், காணொளி. 2004இல் தங்களுக்கென்று ஒரு கட்டடமே கட்டிக்கொண்டார்கள். அந்த முதல் ஆறு பேரில் ஒருவரான ராப் கிப்ஸ் இன்று பாஸ்டன் முழுக்கப் பெயர் பெற்ற சுவரோவியர்.

அதே 1991இல் சிக்காகோவில் இன்னொரு கதை. நகரின் நடுவில் கட்டடத்தை இடித்துவிட்டு, எதுவும் கட்டாமல் கிடந்த ஒரு மனை. 37ஆம் எண் பிளாக். மேயரின் மனைவி மேகி டேலியும் நகரத்தின் பண்பாட்டு ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்க்கும் அங்கே கூடாரம் போட்டு, கோடை விடுமுறையில் இளையர்களைச் சம்பளத்துக்கு அழைத்துக் கலை வேலை பழக்கினார்கள். 'கேலரி 37' என்று பெயர். பின்னாளில் அதிலிருந்து 'ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்' வளர்ந்தது. காலி மனை நமக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நமக்குக் கீழ்த்தளம் இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும்.

இந்த இரண்டு இடத்திலும் எனக்குப் பிடித்தது சம்பளம்தான். இலவசப் பயிற்சி என்றால் வரும் பிள்ளைகள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடுமுறையில் சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாத பிள்ளைகள். அம்மா ராத்திரி வேலைக்குப் போகும் வீட்டுப் பையன் இலவச வகுப்புக்கு வர மாட்டான், அவனுக்கு அது கட்டுப்படியாகாது. சம்பளம் கொடுத்தால் அவனும் வருவான்.

இன்னொன்றும் உண்டு. இலவசமாகச் செய்கிறவனை யாரும் திருத்துவதில்லை. "பரவாயில்லை தம்பி, நல்லாருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். காசு கொடுத்தவர்தான் "இது என் கடை மாதிரியே இல்லையே" என்பார். பிள்ளை மறுபடி உட்கார்ந்து யோசிக்கும்.

இங்கே நம் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பொங்கல், தீபாவளி, ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நடுவில் கோவில் திருவிழா, நாடகம், ஆண்டு விழா. சுவரொட்டி யார் செய்வது? "ஒரு பையன் இருக்கான், ஃப்ரீயா செஞ்சு குடுப்பான்." பின்திரை? "அந்தப் பொண்ணு நல்லா வரையும்." பிள்ளைகளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் தொண்டு மணிநேரம் கணக்கு, 'லீப்ஸ் 2.0' என்ற முறையில் பாட வகுப்புக்கு வெளியே செய்தவை நன்றாக இருந்தால், பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ தொடக்கக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது இரண்டு புள்ளி வரை கைகொடுக்கும். முதியோர் இல்லத்தில் போய்ச் சுவர் வரைவது தொண்டு, செய்யட்டும். ஆனால் மண்டபத்துக்கு வாடகை, ஒலிபெருக்கிக்கு வாடகை, சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ரொக்கம் கொடுத்துவிட்டு, படம் வரைந்த பிள்ளைக்கு மட்டும் தொண்டு மணிநேரம் கொடுப்பதை நான் தொண்டு என்று சொல்ல மாட்டேன்.

என் அனுபவமும் ஒன்று உண்டு. பதினேழு வயதில் ஒரு விழாவுக்கு இருபதடிப் பின்திரை வரைந்தேன். மூன்று ராத்திரி. துணியும் சாயமும் என் காசு. அப்புறம் தருகிறோம் என்றார்கள். விழா மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சான்றிதழில் என் பெயரில் எழுத்துப் பிழை. சாயத்துக்கான காசு இன்னும் வரவில்லை. பொன்னாடை இருக்கிறது, அம்மா மிக்ஸிக்கு மூடிவைத்திருக்கிறார்.

சரி, பிள்ளைகளை வேலைக்கு வைப்பதென்றால் சட்டம் என்ன சொல்கிறது? என்னிடம் கடைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சிங்கப்பூரில் பதின்மூன்று வயது ஆகாத பிள்ளையைப் பொதுவாக வேலைக்கு வைக்க முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் இலகுவான வேலை, அதுவும் தொழிற்சாலை அல்லாத இடத்தில். நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. பதினைந்து வயதில் ஏழு மணி நேரம் வரை. இரண்டு பிரிவினருக்கும் இரவு 11 முதல் காலை 6 வரை வேலை கிடையாது. பதினாறு ஆகிவிட்டால் இந்தத் தனி விதிகள் இல்லை. நான் பதினாறு ஆனவர்களைத்தான் எடுக்கிறேன், என் தலைவலி குறையும்.

குறைந்தபட்சச் சம்பளம் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகையை நாடு வகுக்கவில்லை. அதனால் எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் மனச்சாட்சியும் பக்கத்து பர்கர் கடையும் சேர்ந்து முடிவுசெய்வது. மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினால் முதலாளி மத்திய சேம நிதி (மசேநி) செலுத்த வேண்டும் என்பது பொது விதி. பள்ளி விடுமுறையில் வேலை செய்யும் முழுநேர மாணவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பள்ளி திறந்த பிறகும் சனிக்கிழமை வரச் சொன்னால் அந்தக் கணக்கு மாறும், கவனம். சம்பளச் சீட்டு விவரமாகக் கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

சம்பளச் சீட்டு என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்த தமிழ்ப் பெண்ணின் அப்பா, லாரி ஓட்டுநர். முதல் வாரமே என் வீட்டுக்கு வந்துவிட்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. படம் போடுறதுக்கா காசு குடுக்குறீங்க?" சீட்டைக் காட்டினேன். பெயர், மணிநேரம், தொகை. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "என்னோடதும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த வாரம் மகள் கேட்டிருந்த வரைபலகை வீட்டுக்கு வந்தது, பழையதுதான்.

தனியாக ஆர்டர் எடுக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம் தேவை. வேலைக்கு அமர்த்தப்பட்டவர் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து ஆர்டர் எடுத்து வரைந்த சின்னமென்றால், எழுதிக் கொடுக்காதவரை வரைந்தவருக்கு. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பயன்படுத்துகிறவர் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையையும் கொடுத்திருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் கையெழுத்திட்டால் ஒப்பந்தத்தில் சிக்கல் வரலாம், அதனால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். சுவரில் வரைவதென்றால் சுவருக்குச் சொந்தக்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டும். கீழ்த்தளச் சுவர் புளோக்கில் குடியிருப்பவருடையதில்லை, நகர மன்றத்தைக் கேட்க வேண்டும். 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையனுக்கு, கார்களில் சாயம் அடித்ததற்காக, நாசவேலைச் சட்டத்தின் கீழ் பிரம்படி விழுந்த செய்தி உலகமெல்லாம் போனது. மறு வருடம் நான் சாய டப்பாவோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவைத் திறக்கவில்லை.

சட்டத்தைவிட நான் அதிகம் சொல்லித் தருவது சில்லறை விஷயங்கள். விலை சொன்னதும் வாயை மூடிக்கொள். நீயே "கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று ஆரம்பிக்காதே. மூன்று திருத்தம் விலைக்குள், நாலாவதுக்குத் தனிக் காசு. பாதிப் பணம் முன்னால். தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்ததும் கொம்பைப் பார்: அடோபி மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி எங்கேயோ போய் உட்காரும். அந்த மலாய்ப் பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உடைந்த கொம்பை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பான். ஒருநாள் தேக்காவில் ஒரு பதாகையைப் படம்பிடித்து அனுப்பினான்: "அங்கிள், திஸ் ஒன் ரோங், ரைட்?" ரோங்தான்.

எல்லாம் இப்படி நல்லபடியே நடக்கவில்லை. ஒரு பெண் ஒன்பது நாளில் போய்விட்டாள். பபிள் டீ கடையில் மணிக்கு ஒரு வெள்ளி கூடுதல். ஒரு பையனுக்கு வரைவதைவிட வாடிக்கையாளரோடு பேசுவதுதான் பிடித்தது, இன்று வேறு தொழிலில் இருக்கிறான். அதிலும் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் ஒன்றில்தான்: செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு 80 வெள்ளி, 100 வெள்ளி வேலைகள் குறைந்துவிட்டன. கடைக்காரர் போனில் நாலு வார்த்தை தட்டி மயில், விளக்கு, கோலம் எல்லாம் வரவழைத்துவிடுகிறார். படம் பளபளவென்று இருக்கும், 'தீபாவளி நல்வாழ்த்துகள்' மட்டும் எந்த மொழியிலும் இல்லாத எழுத்தில் இருக்கும். எழுத்தைச் சரிசெய்ய என்னிடம் வருவார்கள். பெரிய ஓவியருக்கு அதனால் நஷ்டமில்லை. அந்த 80 வெள்ளி வேலைதான் பதினாறு வயதுப் பிள்ளையின் முதல் படி. படியை எடுத்துவிட்டு மேலே வா என்றால் எப்படி வருவான்?

லிட்டில் இந்தியாவின் சுவர்களைப் பாருங்கள். லாசால் கலைக் கல்லூரியும் சுற்றுலாக் கழகமும் 2015இல் தொடங்கிய 'ஆர்ட்வாக்' நிகழ்ச்சிக்குப் பிறகு பெலிலியோஸ் லேனிலும் கெர்பாவ் ரோட்டிலும் ஓவியங்கள் நிற்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்காத நாளில்லை. அப்படிப்பட்ட சுவருக்கு அடியில் சாயம் கலக்க, கோடு போட, ஏணி பிடிக்க ஒரு பதினாறு வயதுக்காரரை மணிக் கூலிக்கு வைத்தால் செலவு எவ்வளவு கூடிவிடும்?

இந்த டிசம்பரில் என்னிடம் மூன்று இடம்தான். ஒன்பது பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். மீதி ஆறு பேரில் இரண்டு பேர் காணொளி வெட்டுவார்கள், ஒருத்தி துணியில் அச்சடிப்பாள், மற்ற மூவர் வரைவார்கள். உங்கள் கடைக்கு விலைப்பட்டியல், பிள்ளையின் பிறந்தநாளுக்கு அழைப்பிதழ், சங்கத்து விழாவுக்குப் பின்திரை, எது வேண்டுமானாலும் ஞாயிறு காலை பத்து மணிக்கு பூன் லே பிளேஸ் உணவங்காடிக்கு வாருங்கள். காபிக் கடையை ஒட்டிய மேசையில் இருப்பேன். பாதிப் பணம் முன்னால்.